சாம்பிராணியும் சுங்கானும்

மலாய் நாட்டில் கூலாய் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் மேற்கே போனால் வருகிற ரப்பர் தோட்டத்தில், கணக்கு எழுதும் கிராணி ஐயாசாமியின் வீடு எதுவென்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். காலையில் சாம்பிராணி வாடை, மாலையில் சுங்கான் வாடை. "கிராணி வூட்டுல அடுப்பு எரியுதோ இல்லியோ, புகைக்கு மட்டும் பஞ்சமில்ல" என்று கூலி ஆட்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பொல்லாப்பு எதுவும் இல்லை. அப்போது அந்த வீட்டில் மணி இருந்தான்.

சுங்கான் ஐயாசாமியுடையது. அதைச் சுங்கான் என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். பைப்பு என்று சொல்ல வேண்டும். முன்பிருந்த துரை சீமைக்குப் போகும்போது, காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டுக் களத்தில், எல்லாரும் பார்க்க அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. கூடவே பாதித் தகரம் புகையிலை. காம்பில் துரையின் பல் பதிந்த தடம் இருந்தது. ஐயாசாமி அதே தடத்தில் தன் பல்லை வைத்துக் கடித்துக்கொள்வார். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டார், லயத்தில் ஒரு வீட்டிலும் கை நனைக்க மாட்டார்; துரையின் எச்சில் மட்டும் அவருக்கு எச்சிலாகப் படவில்லை. தகரம் தீர்ந்த பிறகு சிங்கப்பூருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அதே புகையிலையை வரவழைத்தார்.

சாம்பிராணி அவர் மனைவி வேதநாயகியுடையது. கப்பல் ஏறும்போது அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்த பித்தளைத் தூபக்கால் ஒன்று இருந்தது. கட்டிச் சாம்பிராணியைக் கூலாய்க் கடையில் வாங்குவாள். கடையில் இல்லாதபோது கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரி கூடையில் கொண்டு வருவாள். அவள் பாஷையில் கெமெஞான். பெயர் எதுவானாலும் மணம் ஒன்றுதான் என்று வேதநாயகி அதை மூக்கருகே வைத்துப் பார்த்து வாங்கிக்கொள்வாள். கலியாணமாகி வெகு காலம் வயிறு திறக்காமல் இருந்து, ஊரிலும் இங்கேயும் வேண்டாத தெய்வம் இல்லை என்று வேண்டி, பிறகு பிறந்தவன் மணி. சுப்பிரமணியம் என்று வைத்த பெயர். பிறந்த நாளிலிருந்து தலைக்கு ஊற்றியதும் அவனை இரண்டு கையிலும் ஏந்தி, தூபக்காலுக்கு மேலே முன்னும் பின்னும் காட்டுவாள். ஈரத் தலையில் புகை படிந்து முடி காய்ந்தால்தான் பிள்ளைக்கு நீர் கோத்துக்கொள்ளாது, கண் படாது. அவள் தாய் அவளுக்குச் செய்தது. அந்தத் தாய்க்கு அவள் தாய் செய்தது. அதில் சந்தேகப்பட ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மணி தவழ்ந்துகொண்டிருந்த வருஷம் தோட்டத்தில் குளிர்க் காய்ச்சல் வந்தது. லயத்தில் பிள்ளை சாகாத வரிசை இல்லை. கிராணி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உடம்பு சுடவில்லை. உடனே இரண்டு புகையும் பங்கு கேட்டு வந்துவிட்டன.

"என் பைப்பு இருக்கிற வீட்டுக்குள்ள கொசு கால் வைக்குமா? அதனாலதான் பிள்ளை தப்பிச்சான்" என்றார் ஐயாசாமி.

"ஆமா, அந்த நாத்தத்துக்குக் கொசு என்ன, மனுசனே ஓடணும். என் சாம்பிராணி காப்பாத்திச்சு" என்றாள் வேதநாயகி.

தோட்டத்து டிரஸர் செல்லப்பன் அப்போது மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். "நான் குடுத்த கொயினா மருந்த ரெண்டு பேரும் மறந்துட்டீங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தப்பித்த குஞ்சு என்றால் கேட்க வேண்டுமா.

மணிக்குப் பேச்சு வந்ததும் அவனே இரண்டுக்கும் பெயர் வைத்தான். ஒன்று அம்மா புகை, ஒன்று அப்பா புகை. அம்மா புகை வெள்ளையாக, கனமாகக் கீழிருந்து எழும்பும். பூஜை மாடத்தைச் சுற்றி, துணிக்கொடியில் ஏறி, தலையணைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா புகை நீலமாக, மெல்லிசாக வரும். கருகிய வெல்லத்தின் வாசனை. அது சட்டையில் தங்கும், மீசையில் தங்கும். அம்மா புகையை அவன் கையால் பிடித்து மூடிக்கொண்டு, "புடிச்சிட்டேன்" என்று சொல்லி, விரலைத் திறந்து பார்த்து ஏமாறுவான். அப்பா புகை ஏமாற்றாது. ஐயாசாமி வாயைக் குவித்துக் கன்னத்தைத் தட்டினால் வளையம் வளையமாக வரும். மணி ஓடிப்போய் அதற்குள் விரலை விடுவான். விரலில் மோதிரம் போட்டுக்கொண்ட மாதிரி அம்மாவிடம் காட்டுவதற்குள் அது கரைந்துவிடும்.

"இன்னொண்ணு, அப்பா."

தோட்டத்தில் ஆட்களுக்கு முன்னால் சிரிக்காத மனுஷர் ஐயாசாமி. அந்த "இன்னொண்ணு" என்ற சொல்லுக்கு அவர் புகையிலைத் தகரத்தையே காலி பண்ணுவார்.

நான்காவது வயது நடக்கும்போது பிள்ளைக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்று நினைத்தார்கள். சளி போயிற்று, இழுப்பு போகவில்லை. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துகிற சத்தம் வரும். ஓடினால் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்வான். விலா எலும்புகள் உள்ளே குழிந்து குழிந்து வெளியே வரும். அப்படி இழுக்கும்போதும் அவன் அழ மாட்டான். அழ மூச்சு வேண்டுமே. பெரிய கண்ணைத் திறந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

முன்பு பிள்ளையைக் காப்பாற்றியதற்குப் பங்கு கேட்ட புகைகள், இப்போது பழியை ஒன்றின் தலையில் ஒன்று கட்டின.

"பொழுதுக்கும் வீட்டுக்குள்ள தூபம் போட்டுப் பிள்ளைய வாட்டி எடுக்கிற. கோயில் கருவறை கூட இப்படி இருக்காது" என்பார் அவர்.

"சாமிக்குக் காட்டுறது சனியனா மாறுமா? நீங்க ஊதுறீங்களே அந்தச் சுங்கான், அத முதல்ல தூக்கி ஓடையில போடுங்க" என்பாள் அவள்.

"சீமையில சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுலயே பிடிக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் இழுப்பா வருது?"

"எங்க ஊருல சாம்பிராணி காட்டாம ஒரு பிள்ள வளந்ததா? அவங்களுக்கெல்லாம் இழுப்பா வந்துச்சு?"

இரண்டு பேரும் சொன்னது நியாயம் போலத்தான் இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் அடுத்தவர் முதுகு நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் செல்லப்பன்தான் கண்டிப்பாகச் சொன்னார். "கிராணி, இது என் கைமருந்துக்கு அடங்காது. ஜோகூர் பாருவுல பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டுச் சிங்கப்பூர் வரைக்கும் ரயில் விட ஆரம்பித்திருந்த காலம் அது. மணிக்குப் புதுச் சட்டை போட்டு ரயிலில் கூட்டிப் போனார்கள். ஐயாசாமி கோட்டுப் போட்டுக்கொண்டார். கோட்டின் மேல் பையில் பைப்பின் காம்பு கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். வெள்ளைக்கார டாக்டர் பார்த்தால் தன்னை மதித்துப் பேசுவார் என்பது அவர் கணக்கு.

டாக்டர் பார்க்கத்தான் செய்தார். பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு கையை நீட்டி ஐயாசாமியின் கோட்டுப் பையைத்தான் முதலில் காட்டினார். இதை வீட்டுக்குள்ளே பிடிக்காதே, நானும் பிடிப்பவன்தான், ஆனால் இப்படிப்பட்ட பிள்ளை பக்கத்தில் பிடிக்க மாட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னார். அப்புறம் குனிந்து பிள்ளையின் தலைமுடியை முகர்ந்தார். சாமிக்குப் போடுகிற புகையா, அதுவும் வேண்டாம் என்றார். இரண்டும் ஒன்றுதான், எந்தப் புகையும் இந்த நெஞ்சுக்கு ஆகாது, நல்ல காற்று வரட்டும், வளர வளரக் குறையலாம் என்று சொல்லி, ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். வேதநாயகி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டாக்டர் வாயையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் மணி அவள் மடியில் தூங்கிவிட்டான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"சாம்பிராணி ஆகாதாம். கண்டிப்பா நிப்பாட்டணும்னு சொன்னாரு."

அவள் முகம் செத்துப் போயிற்று. கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "வேற என்ன சொன்னாரு?"

ஐயாசாமி சன்னல் வழியே வெளியே பார்த்தார். "வேற ஒண்ணும் இல்ல. மருந்து குடுத்திருக்காரு."

அவர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை. பாதிப் பூசணிக்காயைத்தான் மறைத்தார். அதையும் மறைக்கவேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. மாதக்கணக்கில் நடந்த சண்டையில் தான் ஜெயித்ததை முதலில் சொல்லிவிடலாம், தோற்றதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். வீட்டுக்குப் போனதும் நாளைக்கு என்று தோன்றியது. மறுநாள், பைப்பை நானே விட்டுவிட்டால் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படித்த மனுஷருக்கு இப்படியெல்லாம் தோன்றுவதற்கு வழி நிறைய உண்டு.

வேதநாயகி அன்றைக்கே தூபக்காலைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, வெறும் விளக்கை ஏற்றிக் கும்பிட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்டித் துண்டால் துவட்டித் துவட்டி, முடிக்குள் ஊதி ஊதிக் காய வைத்தாள். கண்ணில் தண்ணீர் வரும். ஆனாலும் நிறுத்தினாள். டாக்டர் சொன்னாரே.

ஐயாசாமியும் நிறுத்திப் பார்த்தார். பைப்பை ஆபீஸ் மேசைக்குள் வைத்துவிட்டு வந்தார். மணிதான் விடவில்லை. சாயங்காலம் அவர் படி ஏறியதும் ஓடி வந்து மடியில் ஏறி, சட்டைப் பையைத் துழாவுவான்.

"அப்பா, வளையம்."

"இல்லடா, அப்பா புகை தீந்து போச்சு."

"அம்மா புகையும் இல்ல. அப்பா புகையும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வீட்டில் வேறு விளையாட்டுத் துணை இல்லாத பிள்ளை. ஓடி விளையாடவும் நெஞ்சு விடாது. இரண்டு நாள் பொறுத்தார். பிறகு பைப்பு வீட்டுக்கு வந்தது. வெளியே படியில் உட்கார்ந்து பிடித்தார். அப்புறம் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கிழக்கே மெர்சிங் பக்கமிருந்து வருகிற மழை, பகல் இரவு பார்க்காமல் ஊற்றியது. படியில் உட்கார முடியவில்லை. பைப்பு உள்ளே வந்தது. ஒரு வளையம் மட்டும் என்பார். இன்னொண்ணு என்பான். வேதநாயகி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பேசாமல் போய்விடுவாள்.

மழையோடு இழுப்பு அதிகமாயிற்று. மருந்து கேட்கவில்லை.

வீட்டு வேலைக்கு லயத்திலிருந்து வருகிற கருப்பாயி, பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாம்பிராணி போடாம வுட்டீங்கல்லம்மா, தலையில நீர் கோத்து நெஞ்சுல எறங்கிருச்சு. வெள்ளக்காரனுக்கு என்ன தெரியும்? அவன் பொண்டாட்டி பிள்ளைக்குத் தலைக்கு ஊத்துவாளா?"

"போட வேண்டாம்னு சொல்லிருக்காரு, கருப்பாயி."

"நிப்பாட்டி என்னம்மா ஆச்சு? கொறஞ்சுதா, கூடுச்சா? நீங்களே சொல்லுங்க."

கூடித்தான் இருந்தது. வேதநாயகிக்குத் தெரிந்தவரை வீட்டில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: சாம்பிராணி நின்றது. அது நின்ற பிறகு பிள்ளைக்கு அதிகமாயிற்று. எந்தத் தாயும் போடுகிற கணக்கைத்தான் அவளும் போட்டாள்.

தூபக்கால் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஐயாசாமி ஆபீசுக்குப் போனதும் பிள்ளைக்கு வெந்நீர் ஊற்றுவாள். மணம் வெளியே போய் யாராவது அவரிடம் சொல்லிவிடக் கூடாதென்று சன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்துவாள். தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, பிள்ளையைக் கையில் ஏந்திப் புகை காட்டுவாள். அவன் இருமுவான். சளி வெளியே வருது, வரட்டும் என்பாள். "அம்மா புகை" என்று அவன் கையை மூடிப் பிடித்துக் காட்டுவான். மதியம் புருஷன் சாப்பிட வருமுன் கதவைத் திறந்து வைப்பாள். அவரும் வந்து உட்கார்ந்ததும் பைப்பைப் பற்ற வைத்துவிடுவார். அந்த வாடையில் இந்த வாடை அவர் மூக்குக்கு எட்டவே இல்லை. அவரவர் புகைக்கு அடுத்தவர் புகை நல்ல மறைப்பாக இருந்தது.

அந்த நாளும் அப்படித்தான் போயிற்று. காலையிலிருந்து மழை விடவில்லை. பிள்ளை சோர்ந்து கிடந்தான். வேதநாயகி வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே போட்டாள். மதியம் ஐயாசாமி நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிட்டார். பிள்ளை பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு லேசாகக் கறுத்திருந்ததை மழை இருட்டில் யாரும் கவனிக்கவில்லை.

"அப்பா, வளையம்."

அவனைச் சிரிக்க வைத்தால் கொஞ்சம் தெம்பு வரும் என்று நினைத்தார். பற்ற வைத்து ஒரு வளையம் விட்டார். நல்ல வளையம், பெரியதாக வந்தது. மணி விரலை நீட்டினான். விரல் வளையத்துக்குள் போனது. அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், காட்டுவதற்காக. அப்போது இழுத்தது. அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை.

ஐயாசாமி குடையில்லாமல் மழையில் ஓடினார். செல்லப்பன் சேறும் தண்ணீருமாக ஓடி வந்தார். முதுகைத் தட்டினார், நெஞ்சைத் தேய்த்தார், ஊசி போட்டார். வேதநாயகி பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "விடுடா, மூச்ச விடுடா, என் ராசா" என்று தன் மூச்சை இழுத்து இழுத்துக் காட்டினாள். அவள் சொல்வதைக் கேட்கிற பிள்ளை, முடிந்தவரை முயன்று பார்த்தான். மழையில்லாத நாளில் ரப்பர்ப் பால் எடை போட ஆட்கள் ஸ்டோருக்கு வருகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம், ரப்பர் மரங்கள் முடிகிற மேட்டில் புதைத்தார்கள். மழை நிற்கவில்லை, குழிக்குள் ஊறிய தண்ணீரைத் தகரத்தால் இறைத்துக்கொண்டே இறக்கினார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் சண்டை இல்லை. லயத்தில் அதைப் பார்த்து, "துக்கம் ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிருச்சு" என்று சொன்னார்கள். ஊர் வாய்க்கு என்ன தெரியும்? வேதநாயகி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. தன்னால்தான் பிள்ளை போனான், டாக்டர் சொன்னதை மீறி நான்தான் கொன்றேன், இது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் குமைந்தாள். ஐயாசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இவளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் பேச மாட்டேன் என்கிறாள் என்று அவர் நினைத்தார். தட்டில் சோறு வைப்பாள், சாப்பிட்டு எழுந்துவிடுவார். பைப்பை அவர் விடவில்லை; விட முடியவில்லை. ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டு விறகுப் புகை போட்டுக் காய வைக்கிற கொட்டகை ஒன்று தோட்டத்துக் கோடியில் இருந்தது. அதன் பின்பக்கம் நின்று பிடித்துவிட்டு வருவார். அங்கே எந்தப் புகை எவருடையது என்று யாருக்கும் தெரியாது.

மறு வருஷம் தீபாவளி வந்தது. சாவு வீட்டுக்குத் தீபாவளி இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள், செத்தவர்களுக்கு அவர்கள் ஆசையாகச் சாப்பிட்டதை இலையில் வைத்துப் படைப்பது தோட்டத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அன்றைக்கு அவர்கள் வீடு தேடி வருவார்கள் என்பது நம்பிக்கை. கருப்பாயி காலையிலேயே வந்துவிட்டாள். சின்னத் தலைவாழை இலை ஒன்று போட்டார்கள். பால், ஆப்பம், மலாய்க்காரர் கடையிலிருந்து மணிக்குப் பிடித்த பீசாங் கோரெங் என்கிற வாழைப்பழ வறுவல் இரண்டு. பக்கத்தில் ஜோகூர் பாருவுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை மடித்து வைத்திருந்தது. வேதநாயகி விளக்கை ஏற்றினாள். ஐயாசாமி சுவரோரம் நின்றார்.

கருப்பாயி அடுக்களையிலிருந்து தூபக்காலில் தணலை எடுத்து வந்து வைத்தாள். "போடுங்கம்மா சாம்பிராணி."

"வேண்டாம்" என்றாள் வேதநாயகி.

"என்னம்மா பேச்சு இது? படையலுக்குச் சாம்பிராணி போடாம எப்படி? அந்தப் புகையப் பாத்துத்தானே அதுங்க வீடு தெரிஞ்சு வரும்."

"அவனுக்கு இழுக்கும்."

கருப்பாயி தணலையும் அவளையும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "இப்ப அவனுக்கு என்னம்மா இழுப்பு. அதெல்லாம் உடம்போட போயிருச்சு."

"உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவன் வாசல் வரைக்கும் வந்து, புகையப் பாத்துட்டு உள்ள வர முடியாம நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

வேதநாயகி இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே புருஷன் பக்கம் திரும்பினாள். பிள்ளை போன பிறகு அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். டாக்டர் வேண்டாம்னு சொன்னாரு, நான் கேக்கல. கொஞ்ச நாள்தான் நிப்பாட்டினேன். அப்புறம் நீங்க ஆபீசுக்குப் போனதும் சன்னல எல்லாம் சாத்திட்டுப் போட்டேன். அன்னிக்கும் போட்டேன். அன்னிக்கு ஒரு பிடி கூடவே போட்டேன். நான்தாங்க பிள்ளையக் கொன்னுட்டேன். உங்ககிட்ட மறைச்சேன். என்னைய என்ன வேணாலும் செய்யுங்க."

ஐயாசாமி அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டாக்டர் சொன்னதைக் கேட்ட காது அவருடையது மட்டும்தான். அழுகிறவளைத் தூக்கி நிறுத்தி, போனது போகட்டும் என்று பெரிய மனுஷன் மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாகும்வரை அவள் அவரைச் சாமி என்று கும்பிட்டுக்கொண்டிருப்பாள். என்னைக் கேட்டால், அவர் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் அன்றைக்கு அப்படி இருக்காததுதான். அதுவும் காலம் கடந்து செய்தது.

"நாயகி" என்றார். "டாக்டர் சொன்னது சாம்பிராணி மட்டும் இல்ல. என் பைப்பையும் சொன்னாரு. முதல்ல அதத்தான் சொன்னாரு. ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாரு."

அவள் அழுகை நின்றது.

"ரயில்ல கேட்டேனே" என்றாள். "வேற என்ன சொன்னாருன்னு கேட்டேனே."

"கேட்ட."

"ஒண்ணும் இல்லன்னீங்க."

அவர் தலையை ஆட்டினார்.

வேதநாயகி இலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை, ஏதோ வழி தவறிப் போனவள் வந்த பாதையைத் திரும்பிச் சொல்லிப் பார்ப்பது போலச் சொன்னாள். "நான் நிப்பாட்டுனேனே. நெசமாவே நிப்பாட்டுனேனே. நீங்களும் நிப்பாட்டியிருந்தா அவனுக்குக் கொறஞ்சிருக்கும். கொறஞ்சிருந்தா நான் மறுபடி போட்டிருக்க மாட்டேன்."

ஐயாசாமி சுவரிலேயே சரிந்து தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்து அழுதார். கருப்பாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். பிறகு தானாகவே தூபக்காலைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், தணலைச் சாக்கடையில் கொட்டித் தண்ணீரும் ஊற்றினாள்.

வேதநாயகி எழுந்து எல்லாச் சன்னல்களையும் திறந்தாள். முன்வாசல் கதவை அகலத் திறந்து கல் ஒன்றை முட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்து புருஷன் அருகே நின்றாள்.

"எந்திரிங்க. சட்டையக் கழட்டிப் போட்டுட்டுக் குளிச்சிட்டு வாங்க. உங்க மேல அந்த வாடை இருக்கு. பிள்ளை வரணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். ஐயாசாமி எழுந்து பின்கட்டுக் கிணற்றுக்குப் போனார். சோப்புப் போட்டுக் குளித்தார். வேட்டியை மாற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து அவள் முன்னால் நின்றார். அவள் எட்டி அவர் தலையைக் குனிய வைத்து முகர்ந்தாள். குளிப்பாட்டிய பிறகு மணியின் உச்சியை முகர்கிற மாதிரியே முகர்ந்தாள். மீசையை முகர்ந்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

அவர் மறுபடியும் கிணற்றுக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. சீயக்காயை அள்ளித் தலையிலும் மீசையிலும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பல்லில் படிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கரித்தூள் எடுத்துப் பல்லைத் தேய்த்தார். கையில் இருக்கும் என்று கையைக் கல்லில் தேய்த்தார். இலையில் ஆப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

உள்ளே வேதநாயகி விளக்குத் திரியைப் புகை எழாதபடி தணித்து வைத்தாள். பிறகு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, திறந்த வாசலைப் பார்த்துச் சொன்னாள்:

"கொஞ்சம் பொறுடா கண்ணு. அப்பா குளிச்சிட்டு இருக்காரு."